கியர் விழுகுதில்லை: கரையில் கிடக்கிற அறிவை ஆர் எழுதுறது?

இளைஞர் கூட்டுகள் எழுதுகிற கட்டுரைகளை எடுத்துப் பார்த்தால் சினிமா இருக்கும், நாவல் இருக்கும், கவிதை இருக்கும். காணி விடுவிப்பும் காணாமல் ஆக்கப்பட்டோரும் இருக்கும். எல்லாம் எழுத வேண்டியவைதான். ஆனால் கொக்கிளாயில் இருந்து சுண்டிக்குளம் பக்கம் வரைக்கும் நீளுகிற முல்லைத்தீவுக் கரையில், ஆயிரக்கணக்கான குடும்பங்களின்ர சோறு ஒவ்வொரு விடியக்காலையும் ஒரு எஞ்சினில் தொங்கிக்கொண்டு நிற்குது. அந்த எஞ்சினைப் பற்றி எங்கட தலைமுறை ஒரு பக்கம்கூட எழுதவில்லை. இந்த முறை அதை எழுதுகிறோம். அதிலும் ஒரே ஒரு பழுதைப் பற்றி: கியர் விழாமல் போறது.

"எஞ்சின் ஓடுது, போட் ஓடுதில்லை." செம்மலையிலயோ அளம்பிலிலயோ சிலாவத்தையிலயோ கரையில் பத்து நிமிசம் நிண்டால் இந்த வசனம் காதில் விழும். கேட்கச் சின்ன விசயம் போலக் கிடக்கும். வீதியில் மோட்டார்சைக்கிள் கியர் விழாவிட்டால் உருட்டிக்கொண்டு போகலாம். கடலில் உருட்ட ஏலாது. முல்லைத்தீவுக் கரை திறந்த கரை. பெரும்பாலான இடங்களில் படகை அலைக்குள்ளால மணலில் ஏற்றித்தான் கரை சேர்க்க வேணும். அந்த அலை உடையிற இடத்தில் கியர் கழண்டு எஞ்சின் வெறுமனே உறுமினால், படகு அலைக்குக் குறுக்காகத் திரும்பும். அடுத்த அலை அதைப் புரட்டும். நடுக்கடலில் நடந்தால் படகு நீரோட்டத்தோட போகும். வாடைக் காலத்தில் இந்தக் கிழக்குக் கரையில் நீரோட்டம் தெற்கு நோக்கி இழுக்கும். கியர் விழுறதும் விழாததும் உயிர்ப் பிரச்சினை எண்டு நாங்கள் சொல்லுறது மிகை இல்லை.

எங்கட வாதம் இதுதான்: இந்தப் பழுதுகளில் கனக்கக் கரையிலயே கண்டுபிடிக்கக் கூடியவை, காசு பெரிசாகச் செலவழிக்காமல் தடுக்கக் கூடியவை. அதற்கான அறிவும் வன்னியில் இருக்கு. ஆனால் அது தமிழில் எழுதப்படாமல் சிலரின்ர கையில் மட்டும் கிடக்கு. அதை எழுதுறதும் படிப்பிக்கிறதும் இளைஞர்களான எங்கட வேலை.

காலுக்குள்ள என்ன நடக்குது?

முதலில் பொருளை விளங்கிக்கொள்ளுவம். எங்கட கரையில் ஓடுறவை பெரும்பாலும் பைபர் படகுகள். பின்பலகையில் கொழுவின வெளியிணைப்பு இயந்திரம். மேலே எஞ்சின், நடுவில் நீளமான கால், அடியில் கியர்ப்பெட்டி, அதற்குப் பின்னால புறொப்பெல்லர். வெளிநாட்டு உல்லாசப் படகுகளில் இன்னொரு வகை இருக்கு. எஞ்சின் படகுக்கு உள்ளே இருக்கும், கால் மட்டும் பின்பலகைக்கு வெளியே தொங்கும். அதுதான் ஸ்டேர்ன்-டிரைவ். 1959இல் சுவீடனின் வொல்வோ பென்டா அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது, பிறகு அமெரிக்காவின் மேர்குரூசர் வந்தது. எஞ்சின் இருக்கிற இடம் வேறயாக இருந்தாலும், தண்ணிக்குள்ள நிற்கிற காலின்ர கதை கிட்டத்தட்ட ஒண்டுதான். அதனால இதை வாசிக்கிற புலம்பெயர் நண்பர்களுக்கும் இதில் விசயம் இருக்கு.

எஞ்சினில் இருந்து ஒரு தண்டு நேராகக் கீழே இறங்கும். அதின்ர நுனியில் ஒரு சின்னப் பல்லுச்சக்கரம். அது இரண்டு பெரிய பல்லுச்சக்கரங்களைச் சுழற்றும், ஒண்டு முன்பக்கம், ஒண்டு பின்பக்கம். இரண்டும் எப்பவும் எதிர் எதிர்த் திசையில் சுழண்டுகொண்டே இருக்கும். ஆனால் அவை புறொப்பெல்லர் தண்டைப் பிடிச்சிருக்காது, அதின்ர மேலே சும்மா சுழலும். இரண்டுக்கும் நடுவில் தண்டோட சேர்ந்து சுழலுகிற ஒரு வளையம் இருக்கும். அதின்ர இரண்டு முகத்திலும் தடித்த பற்கள். ஆங்கிலத்தில் இதுக்கு டோக் கிளச் எண்டு பேர், நாய் கவ்விப் பிடிக்கிற மாதிரிப் பிடிக்கும். நாங்கள் இங்க 'பல்லு வளையம்' எண்டு எழுதுவம்.

நீங்கள் கியர்க் கம்பை முன்னுக்குத் தள்ளினால், காலுக்குள்ளால இறங்குகிற ஒரு கம்பி இந்த வளையத்தை முன்சக்கரத்தோட கொண்டுபோய்ப் பொருத்தும். படகு முன்னுக்குப் போகும். பின்னுக்கு இழுத்தால் பின்சக்கரத்தோட பொருந்தும். நடுவில் விட்டால் எதையும் பிடிக்காது, அது நியூட்ரல். அவ்வளவுதான் விசயம். காரில் இருக்கிற மாதிரி வேகத்துக்கு வேகம் மாறுகிற கியர் இல்லை இது. பிடிக்கும், அல்லது விடும்.

அதனால பழுது வரக்கூடிய இடங்களும் எண்ணக்கூடியவைதான்: கம்பு, கம்பி, பல்லு வளையம், பல்லுச்சக்கரம், புறொப்பெல்லர். இந்த ஐந்தில் எது எண்டு கண்டுபிடிக்கிறதுதான் முழு வேலையும்.

கழட்டுறதுக்கு முதல் கேட்க வேண்டியவை

எதைத் தொடுகிறதுக்கு முதலும் எஞ்சினை நிறுத்துங்கோ. கையில் கட்டுகிற பாதுகாப்புக் கயிற்றைக் கழட்டுங்கோ. கரையில் எண்டால் பிளக் வயரையும் இழுத்து விடுங்கோ. புறொப்பெல்லரைக் கையால திருப்பேக்க எஞ்சின் பத்திக்கொண்டால் விரல் மிஞ்சாது. கடலில் எண்டால், தாழ்ப்பம் எட்டினால் நங்கூரத்தைப் போட்டு அணியத்தை அலைக்கு முகமாக வைச்ச பிறகுதான் மற்ற வேலை.

முதல் கேள்வி: புறொப்பெல்லர் சுழலுதா? காலைத் தூக்கிப் பாருங்கோ. வலை சுத்திக் கிடக்கா, நட் இருக்கா, நட்டைப் பூட்டுகிற பின் இருக்கா? சின்ன எஞ்சின்களில் புறொப்பெல்லரைத் தண்டோட சேர்க்கிறது மெல்லிய ஒரு பின். கல்லிலயோ மணலிலயோ அடிபட்டால் பல்லுச்சக்கரம் உடையாமல் அந்தப் பின் உடையும். உடையிறதுக்கெண்டே வைச்ச பின் அது. அது உடைஞ்சவுடன கியர்ப்பெட்டி போட்டுது எண்டு நினைக்கிறவை கனபேர். மாற்றுப் பின் இரண்டு படகில் கிடந்தால் பத்து நிமிச வேலை. அதுக்குப் பதிலா ஆணி அடிச்சு விடுகிற பழக்கமும் இருக்கு. ஆணி உடையாது, அடுத்த அடிக்குப் பல்லுச்சக்கரம்தான் உடையும்.

பெரிய எஞ்சின்களில் பின்னுக்குப் பதிலா புறொப்பெல்லருக்குள்ள ஒரு றப்பர் புஷ் இருக்கும். அது பழசானால் வழுக்கும். அதின்ர அடையாளம் தெளிவானது: மெதுவாகப் போகேக்க படகு ஓடும், திறொட்டிலைக் கூட்டினால் எஞ்சின் கத்தும், படகு கூடாது. இதை உறுதிப்படுத்தக் காசில்லாத ஒரு வழி இருக்கு. புறொப்பெல்லரின்ர நடுக்குழலில் உள்வளையத்தையும் வெளிவளையத்தையும் சேர்த்துப் பெயின்டால ஒரு நேர்கோடு போடுங்கோ. ஓடிப்போட்டு வந்து பாருங்கோ. கோடு இரண்டாக விலகி நிண்டால் புஷ்தான் வழுக்குது, கியர்ப்பெட்டியில் பிழை இல்லை. கடலில் இது நடந்தால் திறொட்டிலைக் குறைச்சு, மெல்ல மெல்லக் கரைக்கு வரலாம்.

இரண்டாவது கேள்வி: கியரைப் போட்டால் தண்டு பிடிக்குதா? எஞ்சின் நிண்டபடி நியூட்ரலில் புறொப்பெல்லரைத் திருப்புங்கோ, இலேசாகச் சுழலும். இப்ப முன்கியரைப் போட்டுத் திருப்புங்கோ. எஞ்சினின்ர இறுக்கம் கைக்குத் தெரிய வேணும். சில எஞ்சின்களில் ஒரு பக்கத்துக்கு 'கடக் கடக்' எண்டு தட்டித் தட்டிச் சுழலும், மற்றப் பக்கம் பிடிக்கும். இரண்டு பக்கமும் நியூட்ரல் மாதிரி இலேசாகச் சுழண்டால் கியர் விழவேயில்லை.

மூன்றாவது கேள்வி: கம்பி அசையுதா? ஒருவர் கியர்க் கம்பைத் தள்ள, மற்றவர் காலுக்குள்ள இறங்குகிற கம்பியைப் பார்க்க வேணும். கம்பு அசைஞ்சு கம்பி அசையாவிட்டால் பழுது வெளியில்தான்: கழண்ட பின், துருப்பிடிச்ச மூட்டு, தேய்ஞ்ச இணைப்பு. முன்கியர் விழுகுது, பின்கியர் விழுகுதில்லை எண்டால், அல்லது மறுவளமாக எண்டால், கம்பியின்ர நீள அளவு பிசகியிருக்கலாம். காலை ஒருக்கால் கழட்டிப் பூட்டின பிறகு இந்தக் கோளாறு வருகிறது வழமை. கம்பியின்ர இரண்டு துண்டையும் சேர்க்கிற நட்டைச் சரியான அளவுக்கு முறுக்காமல் விட்டிருப்பினம். முழுப் பெட்டியையும் மாத்த வேணும் எண்டு ஆராவது சொன்னால், முதலில் இதைப் பாக்கச் சொல்லுங்கோ.

கம்பியும் அசையுது, கியர் விழுகுதில்லை எண்டால் பழுது பெட்டிக்குள்ள. கடலில் அதைத் திறக்காதையுங்கோ. பின்கியர் விழுந்தால் கடல் அமைதியா இருக்கேக்க அதில் மெதுவாக ஓரளவு தூரம் வரலாம், ஆனால் பின்பலகையால தண்ணி ஏறும், கவனம். அலை அடிக்கிற கரைக்கு அரைகுறைக் கியரோட வராமல் இன்னொரு படகைக் கூப்பிட்டு இழுபட்டு வாறதுதான் புத்தி.

நாலாவது: கியர் விழுகுது, பாரம் ஏறினவுடன 'டக்' எண்டு கழலுது. இது பல்லு வளையத்தின்ர பற்கள் உருண்டு போனதின்ர அடையாளம். பற்களின்ர ஓரம் கூராக இருக்கேக்கதான் கவ்வும், உருண்டால் வழுக்கும். ஏன் உருளுது? கியரை மெல்ல மெல்லத் தள்ளுறதாலயும், எஞ்சின் வேகமா ஓடேக்க போடுறதாலயும்தான். மெல்லத் தள்ளினால் கியர் நோகாது எண்டு பலர் நம்புகினம். உண்மை மறுவளம். எஞ்சின் மிக மெதுவா ஓடேக்க, தயங்காமல் ஒரே வீச்சில் போட வேணும்.

ஸ்டேர்ன்-டிரைவ் வைச்சிருக்கிறவைக்கு இரண்டு விசயம் கூடுதலாக. ஒண்டு, அங்க கியரைக் கொண்டுபோறது நீளமான கேபிள். அது பின்பலகையைத் தாண்டிப் போகிற இடத்தில் தண்ணி பட்டுத் துருப்பிடிச்சு இறுகினால், கியர் விழவும் மாட்டுது, விழுந்தால் கழலவும் மாட்டுது. கேபிளைக் கழட்டிவிட்டுக் கையால நகர்த்திப் பார்த்தால் இறுக்கம் கேபிளிலயோ காலிலயோ எண்டு தெரியும். இரண்டு, மேர்குரூசர் அல்ஃபா வகையில் கியர் கழலேக்க எஞ்சினின்ர பொறியை ஒரு கணம் நிறுத்துகிற ஒரு சுவிச் இருக்கு. பல்லில் இருக்கிற பாரத்தைத் தளர்த்தி அதைக் கழட்டத்தான் அது. கேபிள் இறுகினால் அந்தச் சுவிச் தேவையில்லாத நேரத்தில் வேலை செய்து எஞ்சினையே நிறுத்திப்போடும். வொல்வோ பென்டாவின்ர கால்களில் பல்லு வளையத்துக்குப் பதிலா கூம்பு வடிவக் கிளச் மேல்பெட்டியில் இருக்கும். அதனால அங்க 'டக்' எண்டு கழலுறதை விட வழுக்குறதுதான் முறைப்பாடாக வரும்.

ஒயிலின்ர நிறம்

இவ்வளவிலும் ஒண்டை மட்டும் ஞாபகம் வைச்சிருக்க வேணுமெண்டால் இதை வைச்சிருங்கோ: கியர் ஒயிலின்ர நிறம்.

கியர்ப்பெட்டியின்ர பக்கத்தில் இரண்டு ஸ்குறூ இருக்கும், ஒண்டு மேலே, ஒண்டு கீழே. கீழ் ஸ்குறூவை முதலில் கழட்டி, பிறகு மேல் ஸ்குறூவைக் கழட்டினால் ஒயில் வடியும். நல்ல ஒயில் தேன் நிறம் தொடக்கம் கறுப்பு வரைக்கும் இருக்கலாம். பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால் உள்ளுக்குத் தண்ணி போயிருக்கு. கீழ் ஸ்குறூவில் மெல்லிய பசை மாதிரிச் சாம்பல் பூச்சு இருந்தால் பயமில்லை. கண்ணுக்குத் தெரியிற இரும்புத் துண்டு இருந்தால் பல்லு உடையத் தொடங்கீட்டுது. புது ஒயிலைக் கீழ்த் துவாரத்தால ஏத்த வேணும், மேல் துவாரத்தால வழியும் வரைக்கும். அப்பதான் உள்ளுக்குக் காத்து நிக்காது. பிறகு மேல் ஸ்குறூவை முதலில் பூட்டி, கீழதைக் கடைசியாகப் பூட்டுங்கோ.

பல எஞ்சின்களுக்குச் சொல்லுகிற அளவு நூறு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் ஒயில் மாத்துறது. உல்லாசப் படகுக்காரருக்கு நூறு மணித்தியாலம் ஒரு வருசம். ஒரு நாளைக்கு ஐந்து மணித்தியாலம் எஞ்சின் ஓட்டுகிற எங்கட ஆட்களுக்கு அது இருபது நாள். கையேட்டை ஆர் மனசில் வைச்சு எழுதினவை எண்டது இந்தக் கணக்கிலயே விளங்கும்.

தண்ணி எப்படிப் போகுது? புறொப்பெல்லருக்குப் பின்னால, தண்டு பெட்டிக்குள்ள நுழையிற இடத்தில் ஒரு றப்பர் சீல் இருக்கு. எங்கட கடலில் அதுக்கு முதல் எதிரி தங்கூசி. அறுந்த தங்கூசி வலைத்துண்டு தண்டில் சுத்தும், சூடாகும், சீலை அறுக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஏனெண்டால் அது புறொப்பெல்லருக்குப் பின்னால ஒளிஞ்சு கிடக்கும். தண்ணி உள்ளுக்குப் போய், பேரிங் துருப்பிடிச்சு, பல்லுத் தேய்ஞ்சு, ஒரு நாள் கியர் கழலேக்கதான் தெரியவரும். தங்கூசி வலை இலங்கையில் தடை. கடல்வளத்துக்காகத் தடை எண்டுதான் நாங்கள் எல்லாரும் அதைப் பற்றிக் கதைக்கிறம். அது எஞ்சினையும் தின்னுது எண்டதையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் கொஞ்சப் பேர் காது குடுப்பினம். மாதத்தில் இரண்டு தரமாவது புறொப்பெல்லரைக் கழட்டித் தண்டைப் பார்க்கிறது ஒரு சுத்தியலும் ஒரு குறடும் போதுமான வேலை.

இது வெறும் இரும்புப் பிரச்சினை இல்லை

இனி ஏன் இதெல்லாம் எழுதாமல் போச்சு எண்ட கேள்வி.

வன்னிக்கு எஞ்சின் தெரியாது எண்டு ஒருத்தரும் சொல்ல ஏலாது. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓட்டின இடம் இது. சூப்பிப் போத்தலில் நாலு துளி பெற்றோலை வைச்சு ஸ்டார்ட் பண்ணின கதையை எங்கட வீடுகளில் இப்பவும் சொல்லுவினம். அதைக் கேட்கப் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் நாங்கள் அந்தப் பெருமையில் நிண்டுவிட விரும்பவில்லை. அது ஆசைப்பட்டுக் கற்ற வித்தை இல்லை, வேற வழியில்லாமல் கற்ற வித்தை. அதைச் செய்தவை பலர் இப்ப உயிரோட இல்லை, அல்லது ஊரில் இல்லை. அவையின்ர கைக்குத் தெரிஞ்சது கையோட போச்சு.

கடலறிவின்ர தொடர்ச்சி இங்க எத்தனை தரம் அறுந்தது எண்டு பாருங்கோ. 1984 டிசெம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணிச் சனம் ஊரை விட்டு எழுப்பப்பட்டது. திரும்பி வரக் கிட்டத்தட்ட ஒரு தலைமுறைக் காலம் போச்சு. போர்க்காலம் முழுக்கக் கடலில் தடைகள். 2002 பெப்ரவரி 22இல் கையெழுத்தான போர்நிறுத்த ஒப்பந்தத்தில், மீன்பிடித் தடைகளைப் படிப்படியாக நீக்குறதுக்கெண்டே ஒரு பிரிவு எழுத வேண்டியிருந்தது. அதிலும் கரையோர முகாம்களைச் சுற்றித் தடை தொடர்ந்தது. மூண்டு வருசம் முடியமுன்னம், 2004 டிசெம்பர் 26, சுனாமி. முல்லைத்தீவு நகரத்தின்ர கரையோரமே துடைக்கப்பட்டது. பிறகு 2009. முள்ளிவாய்க்காலுக்குப் பின்னால சனம் உடுத்த உடுப்போட முகாமுக்குப் போனது, படகும் எஞ்சினும் வலையும் கரையில் கிடந்தது. மீளக்குடியேறின பிறகும் நாயாற்றில் 2018 ஓகஸ்டில் தமிழ் மீனவரின்ர வாடிகளும் படகுகளும் எஞ்சின்களும் எரிக்கப்பட்டன.

ஒவ்வொரு அழிவுக்குப் பிறகும் ஆராவது வந்து எஞ்சின் குடுத்தவை. அதுக்கு நன்றி இருக்கு. ஆனால் எஞ்சினைக் குடுக்கிறதைப் படம் எடுக்கலாம், ஒயில் மாத்தப் பழக்குறதைப் படம் எடுத்தால் அழகாக வராது. உதவிகள் பொருளாக வந்த அளவுக்குப் பழுதுபார்க்கிற அறிவாகவும் உதிரிப்பாகமாகவும் வரவில்லை எண்டது எங்கட கருத்து. தகப்பன் இல்லாமல், மாமன் இல்லாமல், இடம்பெயர்ந்த பள்ளிக்கூடங்களில் வளர்ந்த ஒரு பெடியன் இருபது வயதில் முதல்முறை கடலுக்குப் போறான். அவனுக்குக் கியரை ஒரே வீச்சில் போட வேணும் எண்டு ஆர் சொல்லிக்குடுத்தது?

விலைவாசியும் பல்லுச்சக்கரத்துக்குள்ள வரும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து ஒரே நாளில் 340 ரூபாயாக ஏறினது. அதுக்கு முதல் மாதங்களில் பெற்றோலும் இல்லை. மண்ணெண்ணெயில் ஓடுகிற எஞ்சின் மெதுவா ஓடேக்க நிண்டு போகப் பார்க்கும். நிக்காமல் இருக்க ஆட்கள் மெதுவோட்ட வேகத்தைக் கூட்டி வைப்பினம். கூட்டி வைச்ச எஞ்சினில் கியர் போட்டால் ஒவ்வொரு தரமும் பல்லு அடிபடும். ஒயில் வாங்கக் காசில்லாட்டில் பழைய ஒயிலோடயே ஓடும். கொழும்பில் எடுத்த முடிவு ஒண்டு ஆறு மாதம் கழிச்சு அளம்பில் கரையில் 'டக்' எண்டு கேட்கிறது இப்படித்தான்.

அதுக்குப் பிறகு கடன். கால் முழுக்கப் போனால் மாத்தக் காசு வேணும். காசு மீன் வாங்குகிற முதலாளியிட்ட இருக்கு. அவர் தருவார், ஆனால் கடன் தீரும் வரைக்கும் மீனை அவர் சொல்லுகிற விலைக்குக் குடுக்க வேணும். ஒரு சீல் மாத்தாமல் விட்டதில் தொடங்கினது வருசக் கணக்கில் மீன் விலையாக வெட்டுப்படும். கணவனை இழந்து, படகைத் தன்ர பெயரில் வைச்சுக்கொண்டு, வேற ஆட்களிட்டக் குடுத்துத் தொழில் செய்விக்கிற பெண்கள் எங்கட கரைகளில் இருக்கினம். "கியர்ப்பெட்டி போட்டுது அக்கா" எண்டு சொன்னால் அவை நம்பத்தான் வேணும். ஒயிலின்ர நிறத்தையும் பெயின்ட் கோட்டையும் தெரிஞ்சிருந்தால் அவை கேட்கிற கேள்வி வேற மாதிரி இருக்கும். இதெல்லாம் கரையில் நிண்டு செய்கிற வேலை. பெட்டையளுக்கு இது தேவையில்லை எண்டு ஆரும் சொல்ல இடமில்லை.

எதிர்க்கேள்விகள்

"இந்திய றோலர் வருகுது, தென்பகுதிப் படகுகள் வருகுது, நீங்கள் கியரைப் பற்றிக் கதைக்கிறியள்" எண்டு கேட்கலாம். ஞாயமான கேள்வி. இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டத்தால தடை செய்தது, ஆனாலும் எல்லை தாண்டி வாற றோலர்கள் நிக்கவில்லை. அந்தப் போராட்டத்தை விடச் சொல்லவில்லை. றோலர் அறுத்த வலைத்துண்டுதான் மிதந்து வந்து எங்கட புறொப்பெல்லரில் சுத்துது எண்டதையும் சேர்த்துச் சொல்லுகிறோம். கடலில் உரிமை கேட்கிறவனின்ர படகு ஓட வேணும்.

"யூடியூபில் எல்லாம் இருக்கே" எண்டும் கேட்கலாம். இருக்கு, ஆங்கிலத்தில், வேற எஞ்சினுக்கு, வேற கடலுக்கு. அதில் வாறவருக்குத் தங்கூசி தெரியாது, மண்ணெண்ணெயில் ஓட்டத் தெரியாது, மணலில் ஏத்தத் தெரியாது. எங்கட எஞ்சினை எங்கட நிலைமையில் விளங்கப்படுத்த எங்கட சொல்லுத்தான் வேணும்.

"மெக்கானிக் இருக்கினம் தானே" எண்டால், இருக்கினம். அவை பலர் பார்த்துப் பழகினவை, நல்லாச் செய்கிறவையும் இருக்கினம். அவையின்ர பிழைப்பைக் கெடுக்க நாங்கள் எழுதவில்லை. பழுது எங்கயெண்டு சொல்லிக்கொண்டு வருகிற ஆளோட வேலை செய்யிறது நல்ல மெக்கானிக்குக்கும் சுகம்.

உலகத்தில் இப்ப 'பழுதுபார்க்கும் உரிமை' எண்டு ஒரு பேச்சு நடக்குது. 2012இல் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலம் வாகனங்களுக்கு அப்படியொரு சட்டம் கொண்டுவந்தது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் வீட்டுப் பொருட்களுக்கும் கைப்பேசிகளுக்கும் ஒரு பணிப்புரை நிறைவேற்றினது. உதிரிப்பாகமும் தகவலும் தர நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துறதுதான் அவற்றின்ர மையம். எங்களுக்கு அந்த உரிமை ஒரு படி முதலே தொடங்க வேணும்: தகவல் எங்கட மொழியில் இருக்க வேணும்.

இது முடியாத காரியமும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் எண்ட அமெரிக்க மருத்துவர் எங்கட பெடியளுக்கு மேலைமருத்துவத்தைத் தமிழில் படிப்பிச்சு, உடற்கூற்றியலையும் சத்திர சிகிச்சையையும் தமிழ்ப் புத்தகமாக்கினார். மனிச உடம்பின்ர எலும்பையும் நரம்பையும் அந்தக் காலத்தில் தமிழில் எழுத முடிஞ்சதெண்டால், ஐந்து உறுப்புள்ள ஒரு கியர்ப்பெட்டியை இப்ப எழுத முடியாதா?

என்ன செய்யலாம்?

கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கு. அதே இடத்தில் 2016இல் திறந்த இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கு. பரந்தன் சந்தியால திரும்பி ஏ35 வீதியில் போனால் முல்லைத்தீவுக் கடல். ஒரே மாகாணத்தில், ஒரு பஸ் தூரத்தில், பல்லுச்சக்கரத்தைக் கணக்குப் போடத் தெரிஞ்ச மாணவரும் பல்லுச்சக்கரம் உடைஞ்ச படகும் இருக்கு. இரண்டும் சந்திக்கிறதில்லை. மாணவர்களின்ர களப் பயிற்சியில் ஒரு வாரம் கரையில் நடக்க வேணும் எண்டு நாங்கள் கேட்கிறோம். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் வருசத்துக்கு இரண்டு தரம், வாடைக் காலத்துக்கு முன்னாலும் பின்னாலும், ஒயில் சோதிக்கிற நாள் ஒண்டு வைக்க வேணும். எஞ்சின் குடுக்கிற ஒவ்வொரு உதவித் திட்டமும் சீல், பின், ஒயில் அடங்கின ஒரு பெட்டியையும் ஒரு நாள் பயிற்சியையும் சேர்த்துக் குடுக்க வேணும்.

எங்கட பங்குக்கு நாங்கள் ஒரு சொற்பட்டியல் தொடங்குகிறோம். இந்தக் கட்டுரையில் 'பல்லு வளையம்' எண்டு நாங்கள் வைச்ச பேர் ஒரு தற்காலிகப் பேர். உங்கட கரையில் அதுக்கு வேற பேர் இருக்கும். கம்பிக்கும், சீலுக்கும், கியர் கழலுகிற சத்தத்துக்கும்கூட இருக்கும். கொக்கிளாயில் ஒண்டு, மாத்தளனில் ஒண்டு, சுண்டிக்குளத்தில் இன்னொண்டு. அப்பாவிட்டக் கேளுங்கோ, மாமாவிட்டக் கேளுங்கோ, கரையில் எஞ்சின் திருத்துகிற அண்ணையிட்டக் கேளுங்கோ. அவர் சொல்லுற மாதிரியே, திருத்தாமல் எழுதி அனுப்புங்கோ. எந்த எஞ்சின், எத்தனை குதிரைவலு, என்ன சத்தம் கேட்டது, என்ன செய்து சரி வந்தது எண்டும் சேர்த்து எழுதுங்கோ. சேர்கிறதைப் படங்களோட ஒரு சின்னக் கையேடாக்கி, நனையாத தாளில் அச்சடிச்சுப் படகுக்கு ஒண்டு குடுக்கிறதுதான் எங்கட திட்டம். வாடை தொடங்க முதல் முதற்பிரதி கரைக்குப் போக வேணும்.